ஜன்னல் கண்ணாடியில் பழைய பிலிம்: எடுக்கும் முறையும் நாம் சொல்ல வேண்டியதும்



நமது இதழில் வரி, உரிமம், எடை அளவு முத்திரை என்று பெரிய விஷயங்களைப் பற்றிப் பலரும் எழுதி வருகிறார்கள். நான் எழுத எடுத்துக்கொண்டது சிறிய விஷயம். வீட்டு ஜன்னல் கண்ணாடியில் ஒட்டிப் பல வருடம் ஆன பிலிமை எடுப்பது எப்படி என்பதுதான் அது. ஹார்டுவேர், பெயிண்ட், கண்ணாடி, அலுமினியம் வியாபாரம் செய்கிறவர்கள் எல்லோரிடமும் இந்தக் கேள்வி வருகிறது. பதில் தெரியாமல் சரக்கை மட்டும் எடுத்துக் கொடுத்து அனுப்புகிறோம். அப்படி அனுப்பி நானே ஒருமுறை தலைகுனிந்தேன். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

காரைக்காலில் பிள்ளைகள் பிரான்சிலும் வளைகுடா நாடுகளிலும் இருக்க, பூட்டியே கிடக்கும் வீடுகள் எத்தனையோ உண்டு. கல்யாணம், காரியம் என்றால்தான் கதவு திறக்கும். அப்படி ஒரு வீட்டு அம்மாள் பேத்தி கல்யாணத்துக்காக வீட்டைத் திறந்து வெள்ளையடித்தார்கள். கூடத்து ஜன்னல்களில் என்றைக்கோ ஒட்டிய கறுப்பு பிலிம் ஊதா நிறமாகி, அம்மைக் கொப்புளம் போலப் புடைத்து நின்றது. வேலைக்கு வந்த பையன் பிலிமை வறட்டு வறட்டென்று பிய்த்தான். பிலிம் பாதி வந்தது, பசை முழுதும் நின்றது. என்னிடம் சரக்கு எடுக்கும் சில்லறைக் கடையில் போய்க் கேட்டிருக்கிறார்கள். கடைக்காரர் ஒரு லிட்டர் தின்னரும் நான்கு உப்புத்தாளும் கொடுத்துவிட்டார். பசை போய்விட்டது. ஆனால் மறுநாள் மாலை வெயில் சாய்வாக அடித்தபோது ஆறு கண்ணாடியிலும் வட்ட வட்டமாகக் கீறல். ஜன்னல் சட்டத்துப் பெயிண்டும் தின்னர் பட்டு உரிந்துவிட்டது.

சில்லறைக் கடைக்காரர் அந்த அம்மாளை என் கடைக்கே அழைத்து வந்தார். "அண்ணே, நீங்களே சொல்லுங்க, நான் கேட்டதைத்தானே கொடுத்தேன்" என்றார். அந்த அம்மாள் சத்தம் போடவில்லை. "தம்பி, நான் கேட்டேன், அவரு குடுத்தாரு. இதைக் கண்ணாடியில போடலாமான்னு நான் கேக்கல. கூடாதுன்னு நீங்க யாரும் சொல்லவும் இல்ல" என்றார்கள். அதற்கு நான் பதில் சொல்ல முடியவில்லை. முகூர்த்தத்துக்குப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆறு கண்ணாடியும் மாற்றினோம். செலவு பாதி அவர், பாதி நான். பணம் போனதைவிட அந்த வார்த்தைதான் மனதில் நின்றது. அதன் பிறகுதான் இந்த விஷயத்தைக் கண்ணாடிக் கடைக்காரர்களிடமும் பிலிம் ஒட்டுகிறவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, என் வீட்டு ஜன்னலிலும் செய்து பார்த்தேன்.

பிலிம் எத்தனை வகை

வாடிக்கையாளர் "கண்ணாடியில் பேப்பர் ஒட்டியிருக்கிறது" என்றுதான் சொல்வார். எந்தப் பேப்பர் என்று நாம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் வகை, சரக்குடன் வரும் பாதுகாப்பு பிலிம். அலுமினிய ஜன்னல் சட்டம், கண்ணாடி, எவர்சில்வர் சிங்க் ஆகியவற்றில் நீலமாகவோ பால் வெள்ளையாகவோ ஒட்டி வரும். இது மெல்லிய பாலிதீன். லாரியிலும் கட்டட வேலையிலும் கீறல் விழாமல் இருக்கக் கொஞ்ச காலத்துக்கு ஒட்டியது. வேலை முடிந்ததும் எடுத்துவிட வேண்டும். புதுசாகவே இருக்கட்டும் என்று விட்டால், வெயிலில் வெந்து பொடிப்பொடியாகக் கிழியும்.

இரண்டாம் வகை, வெயிலுக்காக ஒட்டும் சன் பிலிம். இது பாலியஸ்டர். 1941ல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டு, டிக்சன் என்ற இருவர் கண்டுபிடித்த அதே பாலியஸ்டர்தான். சட்டைத் துணியும் குடிநீர் பாட்டிலும் அதிலிருந்துதான் வருகின்றன. அதை மெல்லிய தாளாக இழுத்து, சாயமோ அலுமினியப் பூச்சோ ஏற்றி, பின்பக்கம் பசை தடவினால் சன் பிலிம். பெரும்பாலும் இரண்டு தாள்களைச் சேர்த்து ஒட்டியிருப்பார்கள். அதனால்தான் மேல் தாள் வந்து கீழ் தாள் நின்றுவிடுகிறது.

மூன்றாம் வகை, பூப்போட்ட அல்லது மங்கலான வினைல் ஸ்டிக்கர். குளியலறை ஜன்னலிலும் பூஜை அறைக் கதவிலும் ஒட்டுவது. இது பி.வி.சி. மெதுவாக இருப்பதற்காகச் சேர்த்த எண்ணெய்ப் பொருள் வருடக்கணக்கில் வெளியேறிவிட, தாள் அப்பளம்போல் நொறுங்கும்.

பழசானால் ஏன் வர மறுக்கிறது

பிலிம் வேறு, பசை வேறு. இதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் சாயத்தைக் கெடுக்கிறது, ஆகவே கறுப்பு ஊதாவாகிறது. பசையும் நாளாக ஆகக் கெட்டியாகிறது. பிலிமுக்கும் பசைக்கும் உள்ள பிடிப்பு தளர்ந்து, கண்ணாடிக்கும் பசைக்கும் உள்ள பிடிப்பு மட்டும் இறுகி நிற்கிறது. வறட்டாக வேகமாக இழுத்தால் பிலிம் கிழிந்து வரும், பசை அங்கேயே நிற்கும். பசை இளகும் வரை காத்திருந்து மெதுவாக இழுத்தால் இரண்டும் சேர்ந்து வரும். ஆகவே இந்த வேலைக்கு முக்கியமான சரக்கு தண்ணீரும் நேரமும்தான்.

இந்த அவசரத்தால் வரும் நஷ்டத்தை நாடு முழுவதும் ஒரே நேரத்தில் பார்த்தது 2012ல். அந்த வருடம் ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் கார் கண்ணாடிகளில் கறுப்பு பிலிம் ஒட்டக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. மே 4 முதல் அமலுக்கு வந்தது. அபராதத்துக்குப் பயந்து சாலையோரத்திலேயே காரை நிறுத்திப் பிலிமைப் பிய்த்தார்கள். சில கார்களின் பின் கண்ணாடியில் பனி போக்க மெல்லிய கம்பிக் கோடுகள் இருக்கும். வறட்டு பிளேடு போட்டால் பிலிமோடு அந்தக் கோடும் வந்துவிடும். கார் பிலிம் பற்றிய விதியில் அதன் பிறகு திருத்தங்கள் வந்துள்ளன. கார்காரர்கள் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. நான் இங்கே சொல்வது வீட்டுக் கண்ணாடிக்கு.

தொடங்கும் முன் பார்க்க வேண்டியவை

1. அது கண்ணாடிதானா என்று பார்க்க வேண்டும். குளியலறையிலும் மாடிக் கூரையிலும் அக்ரிலிக் ஷீட் போட்டிருப்பார்கள். நகத்தால் தட்டினால் கண்ணாடி கணீரென்று கேட்கும், அக்ரிலிக் மொத்தென்று கேட்கும். அக்ரிலிக்கில் பிளேடும் கூடாது, தின்னரும் கூடாது. தின்னர் பட்டால் வெள்ளையாக வெடிப்பு ஓடும். சோப்புத் தண்ணீரும் கைவிரலும் மட்டும்தான்.

2. டஃபன் கிளாஸ் என்று நாம் சொல்லும் பதப்படுத்திய கண்ணாடியா என்று பார்க்க வேண்டும். மூலையில் சிறிய முத்திரை இருக்கும். உலையில் சூடாக்கும்போது நுண்ணிய துகள்கள் இதன் மேல் ஒட்டி நின்றுவிடுவது உண்டு. பிளேடு அந்தத் துகளைப் பெயர்த்து இழுத்துக்கொண்டு போனால் கோடு விழும். இதிலும் பிளேடு போடாமல் இருப்பதே நல்லது.

3. கண்ணாடியில் விரிசல் இருக்கிறதா, சட்டத்தில் ஆடுகிறதா என்று பார்க்க வேண்டும். விரிசல் விட்ட கண்ணாடியைப் பிலிம்தான் பிடித்துக்கொண்டிருக்கும். பிலிமை எடுத்ததும் கண்ணாடி கையில் விழும். அப்படிப்பட்டதைத் தொடாமல் கண்ணாடிக்காரரை அழைத்து மாற்றிவிட வேண்டும்.

4. பழைய மரச் சட்டத்தில் பழைய பெயிண்ட் இருந்தால் அதைக் காயவைத்துச் சுரண்டக் கூடாது. நம் நாட்டில் 2017 நவம்பர் 1 முதல்தான் வீட்டுப் பெயிண்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்று விதி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய பெயிண்டின் தூளில் ஈயம் இருக்கக்கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் இது முக்கியம்.

எடுக்கும் முறை

முதலில் கண்ணாடியைத் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். நம் ஊர் கடற்கரை ஊர். காற்றில் உப்பும் மணலும் வந்து கண்ணாடியில் படிகின்றன. மணல் கண்ணாடியைவிடக் கடினமானது. அதைக் கழுவாமல் துணியால் தேய்த்தாலே கீறும். உப்புத்தாளிலும் இதே கதைதான். அதில் ஒட்டியிருக்கும் துகள் கண்ணாடியை அறுக்கத்தான் செய்யும்.

வெயில் நேராக அடிக்கும்போது இந்த வேலை வேண்டாம். சோப்புத் தண்ணீர் காய்ந்துவிடும். சுட்டுக் கிடக்கும் கண்ணாடியில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் கண்ணாடி வெடிக்கவும் கூடும். கிழக்கு ஜன்னல் என்றால் மாலையிலும், மேற்கு ஜன்னல் என்றால் காலையிலும் செய்யலாம்.

அரை வாளி வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு கரண்டி கலக்கிக்கொள்ள வேண்டும். பிலிம் எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறதோ அந்தப் பக்கத்தில் தெளித்து, பழைய செய்தித்தாளை நனைத்து ஒட்டிவிட வேண்டும். அதன் மேல் பாலிதீன் தாளைப் போர்த்தினால் ஈரம் போகாது. ஒரு மணி நேரம் அப்படியே விட வேண்டும். தாள் காய்ந்தால் மறுபடி தெளிக்க வேண்டும். பிலிம் தாளின் ஊடே தண்ணீர் போகாது, ஓரத்திலும் வெடிப்பிலும்தான் இறங்கும். ஆகவே பிலிம் வெடித்திருந்தால் அது இந்த வேலைக்கு வசதிதான்.

பிறகு மேல் மூலையில் நகத்தாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ கொஞ்சம் கிளப்ப வேண்டும். பழைய பேங்க் கார்டு இதற்கு நன்றாக உதவும். கிளம்பிய மூலையைப் பிடித்து, பிலிமைக் கண்ணாடியோடு ஒட்டினாற்போல மடக்கி, மெதுவாகக் கீழ்நோக்கி இழுக்க வேண்டும். இழுக்க இழுக்கப் பிலிமுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் சோப்புத் தண்ணீரைத் தெளித்துக்கொண்டே போக வேண்டும். கிழிந்தால் அவசரப்படாமல் அந்த இடத்தை மறுபடி நனைத்து விட வேண்டும். நாலுக்கு மூன்று அடிக் கண்ணாடி ஒன்றுக்கு, ஊறும் நேரம் சேர்த்து, எனக்கு இரண்டு மணி நேரம் ஆனது.

தண்ணீரில் அசையாத பிலிமுக்குச் சூடு காட்டலாம். தலைமுடி காயவைக்கும் டிரையர் போதும். ஓர் இடத்திலேயே நிறுத்தாமல், அரை அடி தள்ளிப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரே இடம் மட்டும் சூடேறினால் சாதாரணக் கண்ணாடி கீறிவிடும். தண்ணீர் முறையையும் கரண்ட் முறையையும் ஒரே நேரத்தில் செய்யக் கூடாது. ஈரக் கையோடு டிரையரைத் தொடவே கூடாது.

பசையை நீக்குதல்

பிலிம் வந்த பின் நிற்கும் பசையைக் காயவிடக் கூடாது. உடனே ஈரச் செய்தித்தாளை மறுபடி ஒட்டி அரை மணி விட்டால் பெரும்பகுதி பிளாஸ்டிக் அட்டைக்கே வந்துவிடும். சாதாரணக் கண்ணாடியாக இருந்து, அப்படியும் நிற்கும் இடத்துக்கு மட்டும் பிளேடு போடலாம். பிடி உள்ள ஸ்க்ரேப்பரில் புது பிளேடு மாட்ட வேண்டும். கண்ணாடி சொட்டச் சொட்ட நனைந்திருக்க வேண்டும். பிளேடைப் படுத்தாற்போலச் சாய்த்து, ஒரே திசையில் தள்ள வேண்டும். திரும்பி வரும்போது எடுத்துவிட வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் நடுவில் அகப்பட்ட மணல் கோடு போடும். துருப்பிடித்த பிளேடு கூடவே கூடாது. நம் ஊர் உப்புக் காற்றில் பிரித்து வைத்த பிளேடு சீக்கிரம் துருப்பிடித்துவிடும்.

கடைசியாக மிஞ்சும் பிசுபிசுப்புக்குத் தேங்காய் எண்ணெயோ யூகலிப்டஸ் தைலமோ தடவிக் கால் மணி வைத்துத் துணியால் துடைக்கலாம். அதற்கும் வராவிட்டால் ஸ்பிரிட்டைத் துணியில் நனைத்துத் துடைக்கலாம். ஜன்னலைத் திறந்து வைக்க வேண்டும். பக்கத்தில் குத்துவிளக்கு, ஊதுவத்தி, கேஸ் அடுப்பு எதுவும் எரியக் கூடாது. முடிவில் சோப்புத் தண்ணீரால் கழுவி, காய்ந்த துணியால் துடைத்தால் கண்ணாடி பளிச்சென்று ஆகிவிடும்.

கொடுக்கக் கூடாத சரக்கு

உப்புத்தாள், இரும்பு நார் இரண்டும் கண்ணாடிக்கு வேண்டாம். பாத்ரூம் ஆசிட் கேட்டு வருகிறவர்களும் உண்டு. அது பசையைத் தொடாது. அலுமினியச் சட்டத்தை அரிக்கும், கீழே சிந்தினால் மார்பிளையும் மொசைக்கையும் தின்றுவிடும். அம்மோனியா கலந்த கண்ணாடி கிளீனர் பசையை இளக்கும், ஆனால் அதோடு பிளீச்சிங் பவுடரோ பிளீச்சிங் திரவமோ சேரக் கூடாது. இரண்டும் கலந்தால் மூச்சை அடைக்கும் நச்சு வாயு வரும். பூட்டிய அறையில் இது ஆளையே சாய்த்துவிடும். வாடிக்கையாளர் இரண்டையும் ஒரே பையில் வாங்கிப் போகும்போது நாம் ஒரு வார்த்தை சொல்லாமல் இருப்பது தகாது.

புயல் காலத்து நம்பிக்கை

பிலிம் இருந்தால் புயலில் கண்ணாடி உடையாது என்று சிலர் பழைய பிலிமை எடுக்கத் தயங்குகிறார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது நாம் பட்டது மறக்காது. கெட்டியான பாதுகாப்பு பிலிம் புதிதாக, ஓரம் வரை ஒட்டியிருந்தால் உடைந்த சில்லுகளைச் சேர்த்துப் பிடிக்கும் என்பது உண்மைதான். கண்ணாடி உடையாமல் காக்காது. மெல்லிய சன் பிலிம் கொப்புளித்து உரிந்த பிறகு சில்லைக்கூடப் பிடிக்காது. கண்ணாடியில் குறுக்கே டேப் ஒட்டுவதாலும் பயன் இல்லை, உடையும்போது பெரிய பெரிய துண்டாக விழுமே தவிர உடையாமல் இருக்காது. வெளியில் பிளைவுட் பலகை அடிப்பதும், கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி இருப்பதும்தான் பாதுகாப்பு. ஐப்பசி, கார்த்திகையில் கேட்டு வருகிறவர்களுக்கு நாம் இதைத்தான் சொல்ல வேண்டும்.

நாம் செய்யக்கூடியவை

அலுமினிய ஜன்னல் விற்கும் நண்பர்கள், வெள்ளையடித்து முடிந்ததும் பாதுகாப்பு பிலிமை எடுத்துவிடுங்கள் என்று பில்லிலேயே எழுதிக் கொடுக்கலாம். பெயிண்ட், ஹார்டுவேர் நண்பர்கள் ஸ்க்ரேப்பர், பிளேடு, தெளிப்பான் பாட்டில், ரப்பர் கையுறை நான்கையும் ஒரே இடத்தில் அடுக்கி வைக்கலாம். பிளேடைப் பிரிக்காமல் டப்பாவோடு வைத்தால் துருப்பிடிக்காது. மேலே சொன்ன முறையை நான் அரைத் தாளில் அச்சடித்து ஸ்க்ரேப்பரோடு கொடுத்து வருகிறேன். தின்னர் கேட்பவரிடம் "எதுக்குங்க?" என்று ஒரு கேள்வி கேட்கச் சொல்லிக் கடைப் பையன்களைப் பழக்கியிருக்கிறேன்.

பயன்படுத்திய பிளேடைக் குப்பையில் அப்படியே போட வேண்டாம் என்றும் சொல்ல வேண்டும். காலையில் குப்பை அள்ள வருகிறவரின் கை அறுபடும். பழைய தகர டப்பாவில் போட்டு மூடி, டேப் சுற்றிக் கொடுக்கலாம். உரித்த பிலிமைக் கொல்லையில் போட்டுக் கொளுத்தக் கூடாது. வினைல் எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

இதில் நமக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். உண்மையில் இந்த முறையைச் சொன்னால் ஒரு லிட்டர் தின்னர் விற்பது நின்று, ஒரு ஸ்க்ரேப்பர்தான் விற்கும். கல்லாவில் கணக்குக் குறையத்தான் செய்யும். ஆனால் நம் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு காலத்தில் புதுச்சேரி மாநில வரி பல பொருள்களுக்குக் குறைவாக இருந்தது. நாகை, தரங்கம்பாடி, மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து ஜனங்கள் பஸ் ஏறி நம் கடைத்தெருவுக்கு வந்தார்கள். 2017 ஜூலை 1ல் ஜி.எஸ்.டி. வந்த பிறகு அந்த வித்தியாசம் போய்விட்டது. இப்போது அதே சரக்கு அதே வரியில் எல்லா ஊரிலும் கிடைக்கிறது, செல்போனில் அழுத்தினால் வீட்டுக்கும் வருகிறது. பொட்டலம் கொண்டுவரும் பையன் "இதைக் கண்ணாடியில் போடாதீங்க" என்று சொல்ல மாட்டான். அதைச் சொல்ல நாம்தான் இருக்கிறோம்.

அந்த அம்மாள் கல்யாணம் முடிந்து ஊருக்குப் புறப்படும் முன் என் கடைக்கு வந்து வெற்றிலை பாக்கு, தேங்காய்ப் பை கொடுத்துவிட்டுப் போனார்கள். மாடியில் இன்னும் நான்கு ஜன்னல் பிலிம் பாக்கி, அடுத்த முறை வரும்போது எடுக்க வேண்டும், என்ன வாங்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள் என்று கேட்டார்கள். ஒரு ஸ்க்ரேப்பர், ஒரு டப்பா பிளேடு, ஒரு பாட்டில் சோப்புத் திரவம் என்று எழுதிக் கொடுத்தேன். எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்டார்கள். அந்தச் சில்லறைக் கடையின் பெயரையே எழுதினேன்.

வணிகப் பெருமக்கள் இந்த முறையைத் தங்கள் வீட்டு ஜன்னலில் ஒருமுறை செய்து பார்த்துவிட்டு, வாடிக்கையாளர்களுக்கும் எடுத்துச் சொல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.